கிதாபில் இருக்கிறதாம்! எந்தக் கிதாபில்?



எங்கள் வீடுகளில் ஒரு பேச்சை முடித்து வைக்க மூன்று சொற்கள் போதும். "கிதாபில் அப்படித்தான் இருக்கு." மஹரைப் பற்றிய பேச்சானாலும் சரி, இத்தாவைப் பற்றிய பேச்சானாலும் சரி, வாப்பா விட்டுச் சென்ற காணியைப் பற்றிய பேச்சானாலும் சரி, இந்த மூன்று சொற்கள் விழுந்ததும் பெண்கள் வாய் மூடிவிடுகிறார்கள். மார்க்கத்தின் மீது அவர்களுக்குள்ள மரியாதை அது. அந்த மரியாதை என்றும் இருக்கட்டும். ஆனால் "எந்தக் கிதாபில்? எந்தப் பாடத்தில்?" என்று அடக்கமாகக் கேட்பதும் அதே மரியாதையைச் சேர்ந்ததுதான். இதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதி, இன்று அதே வகையான ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவன். மாணவர்கள் மஸ்அலா எழுதிக் கொண்டு வரும்போது முதலில் அதன் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். ஆதாரம் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்ட ஆதாரத்தை நான் எழுந்து போய் அலுமாரியில் தேடி எடுக்க முடியுமா? முடியாதென்றால், முகவரி இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்புவது போல அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வாய்ப்பேச்சில் வரும் பிழை சில வேளை காற்றோடு போய்விடும். எழுத்தில் வரும் பிழை அப்படியல்ல. காதி நீதிமன்ற விண்ணப்பம், அதற்குக் கொடுக்கும் மறுமொழி, ஒரு மௌலவி எழுதிக் கொடுக்கும் பத்வா, சொத்துப் பங்கீட்டுக் கடிதம் இவையெல்லாம் கோவையில் தங்கிவிடும். பத்து வருடம் கழித்தும் ஒருவர் அதை எடுத்துக் காட்டுவார். அதனால் ஒருவருடைய உரிமை கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

"இது சட்டத்தரணிகளுக்கும் உலமாக்களுக்கும் உரிய விஷயமல்லவா, குடும்பப் பெண்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எமது நாட்டின் காதி நீதிமன்றத்தில் ஒருவருக்காகச் சட்டத்தரணி தோன்றி வாதாட முடியாது. கணவனும் மனைவியும் தாங்களே பேச வேண்டும். அங்கே கொடுக்கும் காகிதங்களும் பெரும்பாலும் வீட்டிலேயே எழுதப்படுகின்றன. சாதாரண தரம் படித்த மகள் எழுதுவாள், தம்பி எழுதுவான், இல்லாவிட்டால் மஹல்லாவின் கதீபிடம் போய் எழுதுவிப்பார்கள்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 98ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு முக்கியமானது. ஒரு முஸ்லிம் விவாகம் அல்லது விவாகரத்து சம்பந்தமான விஷயங்களில், இரு தரப்பாரின் நிலையும் அவர்களுக்கிடையிலான உரிமைகளும் கடமைகளும் அவர்கள் சார்ந்துள்ள பிரிவினரின் முஸ்லிம் சட்டப்படியே தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. அதாவது எமது மத்ஹபின் கிதாபு அங்கே சட்டப் புத்தகமாகி நிற்கிறது. ஆகவே கிதாபின் பெயரால் பிழையாக எழுதப்படும் ஒரு வரி, ஒரு பெண்ணின் உலைப் பானையிலிருந்து அரிசியை எடுத்துவிடக் கூடும்.

ஒரு விண்ணப்பத்தின் கதை

சில வருடங்களுக்கு முன் கிழக்கு மாகாணத்தில் நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அப்பகுதி வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருந்தார். ஒரு பிள்ளையும் பிறந்தது. பிறகு ஏதோ மனக்கசப்பில் அவர் வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதமாகத் திரும்பவுமில்லை, செலவுக்குக் கொடுக்கவுமில்லை. அந்தச் சகோதரி காதி நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்தாள். இனிமேல் தாபரிப்பு வேண்டும். கடந்த பதினான்கு மாதத்துக்குத் தனக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டியதும் வேண்டும். சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி இத்தகைய தாபரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் காதிக்கு உண்டு.

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து எழுத்தில் மறுமொழி வந்தது. "கடந்த கால நபகாவைக் கேட்க முடியாது என்று பிக்ஹு கிதாபுகளில் கூறப்பட்டுள்ளது." இவ்வளவுதான். எந்தக் கிதாபு என்றில்லை. சகோதரியின் வாப்பா அந்தக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"மௌலவி, கிதாபில இருக்கு என்று எழுதியிருக்கிறாங்க. அப்ப எங்கட பக்கம் ஒண்டுமில்லையா?"

"முதலில் எந்தக் கிதாபு என்று கேட்டு எழுதுங்க நானா," என்றேன்.

கேட்டதற்குப் பதில் வந்தது. தமிழில் அச்சான ஒரு பிக்ஹு நூலின் பெயரும் பக்கமும் குறிக்கப்பட்டிருந்தன. நூலை எடுத்துப் பார்த்தோம். அவர்கள் சொன்னது உண்மையாகவே அங்கே இருந்தது. ஆனால் அந்நூல் ஹனபி மத்ஹபின் சட்டங்களைத் தொகுத்த நூல். ஹனபி மத்ஹபில், காதி ஒரு தொகையை நிர்ணயித்திருந்தால் அல்லது கணவனும் மனைவியும் ஒரு தொகைக்கு இணங்கியிருந்தால் தவிர, கடந்து போன காலத்தின் நபகாவை மனைவி கேட்க முடியாது. இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில் நபகா பற்றிய பாடத்தில் இதைக் காணலாம். ஹனபிகளுக்கு அது சரியான சட்டம். ஆனால் இந்தக் கணவனும் மனைவியும் பரம்பரையாக ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நிகாஹ் நடந்ததும் அப்படியே. ஷாபிஈ மத்ஹபில் மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட நபகா கணவன் மேல் கடனாக நிற்கும். காலம் போனதால் அது விழுந்து போகாது. கணவன் வசதியற்றுப் போய், மனைவி பொறுமையோடு இருந்தால் அந்த நபகா அவன் மேல் கடனாகிறது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், கிதாபுந் நபகாத்தில், கணவனின் இயலாமை பற்றிய பஸ்லில் எழுதியிருக்கிறார்கள். இயலாதவன் மேலேயே கடன் என்றால், இயன்றும் கொடுக்காதவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அந்தச் சகோதரியின் பதிலில் மத்ஹப், நூல், கிதாபு, பஸ்ல் எல்லாவற்றையும் எழுதி, சட்டத்தின் 98(2)ஆம் பிரிவையும் சேர்த்தோம்.

அடுத்த தவணைக்கு அவர்கள் மீண்டும் எழுதிக் கொண்டு வந்தார்கள். இம்முறை "மின்ஹாஜ், கிதாபுந் நபகாத்" என்றே எழுதியிருந்தது! கடந்து போன நபகா விழுந்துவிடும், கடனாகாது என்று அதே மின்ஹாஜில், அதே கிதாபில் உள்ளதாம். வாசலில் இருந்த என்னையும், மாப்பிள்ளை பக்கத்து மௌலவியையும் உள்ளே கூப்பிட்டார்கள். காதியார் கிதாபைத் திறக்கச் சொன்னார்.

வசனம் இருந்தது. எழுத்துக்கு எழுத்துச் சரியாகவே இருந்தது. ஆனால் அது இருந்தது மனைவியைப் பற்றிய பஸ்லில் அல்ல. பெற்றோர், பிள்ளைகள் போன்ற உறவினருக்குக் கொடுக்கும் நபகாவைப் பற்றிய பஸ்லில் இருந்தது. உறவினரின் நபகா தேவையை நிறைவேற்றுவதற்காக உள்ளது. நேரம் கடந்தால் விழுந்துவிடும். காதி நிர்ணயித்திருந்தால், அல்லது கொடுக்க வேண்டியவர் ஊரில் இல்லாமலோ கொடுக்க மறுத்தோ இருந்து, கடன் வாங்கக் காதி அனுமதி கொடுத்திருந்தால்தான் அது கடனாகும். மனைவியின் நபகா அவளுடைய உரிமையாக நிற்பது. ஒரே கிதாபில் சில பக்க இடைவெளியில் இரண்டு சட்டங்கள். கிதாபின் பெயரை எழுதி பஸ்லை எழுதாமல் விட்டதால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்களுக்கு எதிரான வரி

சகோதரிகளே, இனிச் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையின் முக்கியமான பகுதி.

அந்த உறவினர் பஸ்ல் எங்களையும் பிடித்தது. அந்தச் சகோதரி பிள்ளைக்கும் பதினான்கு மாதப் பாக்கி கேட்டிருந்தாளல்லவா? பிள்ளை உறவினர் வகையில் சேரும். காதியின் நிர்ணயமோ அனுமதியோ அதற்கு முன்னர் இருக்கவில்லை. ஆகவே அந்தக் கிதாபின்படி பிள்ளையின் பழைய பாக்கி கடனாக நிற்காது. எதிர்த் தரப்பார் இதைக் கவனிக்கவில்லை. அவர்கள் மனைவியைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து இதை அவளிடமும் வாப்பாவிடமும் சொன்னேன். அவள் முகம் வாடிப் போயிற்று.

"அப்ப புள்ளைக்குக் கேட்டதை வெட்டணுமா மௌலவி? அவங்கதான் அதைக் கேட்கயில்லையே?"

"மகள், அவங்க காட்டின வரியை அவங்களுக்கு எதிராகப் படிச்ச நாங்க, அதே வரி எங்களுக்கு எதிராக வாற இடத்தில் கண்ணை மூடலாமா? நாளைக்கு அவங்க திறந்து பார்த்தா, நீங்க உங்களுக்காகச் சொன்ன உண்மையும் பொய் மாதிரி ஆயிரும்."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானே பேனையை எடுத்து எழுதினாள். தன்னுடைய பாக்கியைக் கேட்பதாகவும், பிள்ளையின் பழைய பாக்கி பற்றி மின்ஹாஜின் உறவினர் பஸ்ல் இவ்வாறு கூறுவதால் அதை வற்புறுத்தவில்லை என்றும், பிள்ளைக்கு விண்ணப்பத் திகதியிலிருந்து கட்டளை வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள். அவளுடைய பதினான்கு மாதப் பாக்கியைத் தவணை முறையில் செலுத்தவும், பிள்ளைக்கு விண்ணப்பத் திகதியிலிருந்து மாதாந்தம் கொடுக்கவும் கட்டளை கிடைத்தது. மாப்பிள்ளை பக்கத்து மௌலவி போகும்போது என்னிடம் ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஆதாரம் காட்டுவதன் அதபு இதுதான். எமக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுப்பது ஆதாரமாகாது. சூரா அல்மாஊனின் நான்காம் வசனத்தோடு ஒருவர் நிறுத்திக் கொண்டு ஐந்தாம் வசனத்தை ஓதாமல் விட்டால் பொருள் எப்படித் தலைகீழாகிவிடும் என்பதை ஓதல் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

சொன்னவர் யார்? எந்தத் தரத்தில் சொன்னார்?

கிதாபின் பெயரும் பஸ்லும் சரியாக இருந்தாலும் போதாது. பழைய அச்சுகளில் ஒரே பக்கத்தில் மூன்று பேர் பேசுவார்கள். நடுவில் அடைப்புக்குள் மூல நூல். அதைச் சூழ்ந்து அதன் விரிவுரை. ஓரத்திலோ கீழேயோ ஹாஷியா எனப்படும் குறிப்புரை. எமது அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் பத்ஹுல் முஈனை எழுதியவர் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். அதற்கு இஆனதுத் தாலிபீன் என்ற ஹாஷியாவை எழுதியவர் மக்காவில் வாழ்ந்த ஸையித் பக்ரீ (ரஹ்) அவர்கள். இருவருக்கும் இடையில் ஏறத்தாழ முந்நூறு வருட இடைவெளி. இஆனாவில் கண்டதை "பத்ஹுல் முஈன் கூறுகிறது" என்று எழுதினால் ஒருவர் சொன்னதை மற்றவர் வாயில் வைத்ததாகிவிடும்.

ஒரே ஆசிரியரின் ஒரே நூலிலும் எல்லா வரியும் ஒரே தரமல்ல. இமாம் ராபிஈ (ரஹ்) அவர்களின் முஹர்ரரைச் சுருக்கி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜை எழுதினார்கள். அதன் முன்னுரையிலேயே தமது குறிச்சொற்களுக்கு விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அல்அள்ஹர், அல்மஷ்ஹூர் என்றால் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் சொல்களுக்கிடையே பலமானது. அல்அஸஹ்ஹு, அஸ்ஸஹீஹ் என்றால் அவர்களுக்குப் பின் வந்த மத்ஹபின் அறிஞர்களுடைய கருத்துகளுக்கிடையே பலமானது. "கீல", அதாவது "சொல்லப்பட்டது" என்றால் அது பலவீனமான கருத்து. மின்ஹாஜில் "கீல" என்று வந்த ஒன்றை எடுத்து "மின்ஹாஜில் இருக்கிறது" என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படிப்பவரை ஏமாற்றிவிடுகிறார்.

பக்க எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எகிப்து அச்சில் நாற்பதாம் பக்கத்தில் உள்ளது பெய்ரூத் அச்சில் வேறு பக்கத்தில் வரும். பக்கத்தை எழுதினால் அச்சையும் எழுதுங்கள். கிதாபு, பாப், பஸ்ல் இவற்றை எழுதினால் எந்த அச்சிலும் தேடி எடுக்கலாம். குர்ஆனுக்கு சூராவும் வசன எண்ணும் போதும்.

ஹதீஸுக்கு, அதைப் பதிவு செய்த இமாமின் பெயர் இன்றியமையாதது. அனுமதிக்கப்பட்டவற்றுள் அல்லாஹ்வின் வெறுப்புக்கு அதிகம் உரியது தலாக் என்ற கருத்துள்ள ஹதீஸை நிகாஹ் மஜ்லிஸ்களில் அடிக்கடி கேட்கிறோம். "புகாரி, முஸ்லிம்" என்று சிலர் அதன் கீழே எழுதியும் விடுகிறார்கள். அது அவ்விரண்டிலும் இல்லை. அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடர் நபி (ஸல்) அவர்கள் வரை இணைந்து செல்கிறதா, இடையில் ஸஹாபியின் பெயர் விடுபட்ட முர்ஸலா என்பதில் ஹதீஸ் கலை இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. தலாக்கை எளிதாக எடுத்துக் கொள்ளக் கூடாது என்ற படிப்பினையை மறுக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒன்றை எழுதும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பிழையாக எழுத எமக்கு என்ன உரிமை இருக்கிறது? அறிவிப்பாளர் பெயர்களை மனனம் செய்வதில் முன்னோர் ஆயுளைக் கழித்தது எமது சௌகரியத்துக்காக அல்லவே.

அது இன்னும் நிலைத்து நிற்கிறதா?

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது சொன்னவற்றைக் கதீம் என்றும், ஹிஜ்ரி 199 அளவில் எகிப்துக்கு வந்த பின் சொன்னவற்றை ஜதீத் என்றும் கூறுவார்கள். ஹிஜ்ரி 204இல் அவர்கள் வபாத்தானார்கள். சில மஸ்அலாக்களைத் தவிர மற்றவற்றில் ஜதீதே மத்ஹபு. நபகாவிலேயே உதாரணம் உண்டு. கதீமின்படி நிகாஹ் ஒப்பந்தத்தாலேயே நபகா கடமையாகிறது. ஜதீதின்படி மனைவி கணவனோடு வாழத் தன்னை ஒப்படைத்திருப்பதால் கடமையாகிறது. நான் மேலே சொன்ன சகோதரி "நிகாஹ் நடந்ததே போதும், நபகா எனக்கு உரியது" என்று எழுதியிருந்தால் கைவிடப்பட்ட சொல்லை ஆதாரமாக்கியிருப்பாள். அதனால்தான் "நான் அதே வீட்டில் இருந்தேன், அவர்தான் விட்டுப் போனார்" என்ற விபரத்தையும் திகதியோடு எழுதச் சொன்னேன். ஆதாரம் எந்த நிபந்தனையில் நிற்கிறதோ அந்த நிபந்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நாட்டின் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இதே நிலைதான். தீர்ப்புகளை எடுத்துக் காட்டும்போது வழக்கின் பெயர், வருடம், தொகுதி, பக்கம் என்று எழுதுவார்கள். "67 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 25" என்றால் அத்தொடரின் 67ஆம் தொகுதியில் 25ஆம் பக்கத்தில் தொடங்கும் தீர்ப்பு. அது ரீட் வழக்கு. 1933இல் கிறிஸ்தவ முறைப்படி மணம் முடித்த ஒருவர், அந்த மணம் நீடித்திருக்கும்போதே 1959இல் இஸ்லாத்தைத் தழுவி, முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இன்னொருவரை மணந்தார். இது இருதார மணக் குற்றமாகாது என்று, லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் எனப்பட்ட கோமறைக் கழகம் 1965இல் தீர்ப்பளித்தது. முப்பது வருடங்களுக்கும் மேலாக அதுவே ஆதாரமாக நின்றது. பின்னர் அபேசுந்தர வழக்கில் எமது உயர் நீதிமன்றம் ரீட் தீர்ப்பு பிழையானது என்று கூறி, ஒருதார மணத்துக்கு உட்பட்ட ஒருவர் அதை முறைப்படி நீக்காமல் மதம் மாறி இன்னொரு மணம் செய்ய முடியாது என்று தீர்த்தது. இது 1998ஆம் ஆண்டின் ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ் முதலாம் தொகுதியில், 185ஆம் பக்கத்தில் உள்ளது.

இப்போது எவராவது ரீட் வழக்கை மட்டும் எழுதி அபேசுந்தர வழக்கை எழுதாமல் விட்டால், பெயர், வருடம், பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஆதாரம் உயிரற்றது. அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக் கொள்ளும் ஒரு பெண்ணின் கதி என்ன? அவளுடைய திருமணமே கேள்விக்குறியாகிவிடும்.

சட்டப் பிரிவுகளும் மாறக் கூடியவை. எமது விவாகச் சட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தங்களை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. ஆகவே வாப்பா காலத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதாமல், எழுதுகின்ற நாளில் அந்தப் பிரிவு எப்படி இருக்கிறது என்று உறுதி செய்து கொண்டு எழுத வேண்டும். சட்டத்தின் வருடம், இலக்கம், பிரிவு, உட்பிரிவு ஆகிய நான்கையும் எழுதினால் படிப்பவர் தடுமாற மாட்டார்.

கண்ட இடத்தைச் சொல்லுங்கள்

இன்னொரு வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தமிழ் நூல் ஒன்றில் "துஹ்பாவில் இவ்வாறு உள்ளது" என்று வாசித்துவிட்டு, நாம் எழுதும்போது நேராக "துஹ்பா" என்று எழுதிவிடுகிறோம். துஹ்பாவை நாம் திறந்திருக்கவே மாட்டோம். தமிழ் நூலாசிரியர் பிழை விட்டிருந்தால் அந்தப் பிழை இப்போது எமது பிழையும் ஆகிவிடுகிறது. "இன்ன தமிழ் நூலில், துஹ்பாவிலிருந்து எடுத்துக் கூறப்பட்டபடி" என்று எழுதுவதில் எந்த வெட்கமும் இல்லை. "இன்னார் இன்னாரிடமிருந்து எடுத்துச் சொன்னார்" என்று பெரிய இமாம்களே எழுதியிருக்கிறார்கள். அரபு தெரியாத சகோதரிகள் தமிழ் நூலைத் தாராளமாகக் காட்டலாம். எதைப் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள்.

வாப்பாவின் காணி

கடைசியாக, எல்லா வீட்டுக்கும் வரக்கூடிய ஒன்று. வாப்பா மௌத்தானதும் சகோதரர்கள் சொல்வார்கள்: "தங்கச்சி, உனக்கு வீடு தந்தாச்சு. இனி ஷரீஅத்தில் உனக்குப் பங்கில்லை." தங்கைமாரே, சண்டை பிடிக்காமல், குரலை உயர்த்தாமல், ஒரு கேள்வி கேளுங்கள். "நானா, எந்த ஆயத்தில்?"

வாரிசுப் பங்கைக் கூறும் வசனங்கள் சூரா அந்நிஸாவின் 11, 12, 176 ஆகியவை. மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு என்பதை 11ஆம் வசனம் கூறுகிறது. ஹயாத்தில் வாப்பா கொடுத்து, மகள் கைப்பற்றிக் கொண்ட வீடு ஹிபா, அவளுடைய சொத்து. வாப்பா மௌத்தான போது அவர் பெயரில் எஞ்சியிருந்தது வாரிசுச் சொத்து. ஒன்று மற்றதை அழிக்காது. மரண சாசனம் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவினரின் முஸ்லிம் சட்டப்படி சேரும் என்று, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் மரண சாசனமற்ற உரிமை வழிக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு கூறுகிறது. சகோதரி மனமுவந்து விட்டுக் கொடுத்தால் அது அவளுடைய தயாளம். அதற்கு நற்கூலி உண்டு. ஆனால் இல்லாத ஆயத்தின் பெயரால் அவளை விட்டுக் கொடுக்க வைப்பது வேறு.

அதே போல உங்கள் வாயிலிருந்தும் "கிதாபில் இருக்கு" என்று வரும்போது, மருமகளிடம் சொன்னாலும் சரி, மகளிடம் சொன்னாலும் சரி, எந்தக் கிதாபு என்று சொல்லக் கூடியதாக இருக்கட்டும். தெரியாவிட்டால் "எங்கட ஊர் வழக்கம் இப்படி" என்று சொல்லிவிடுங்கள். வழக்கத்தை வழக்கமென்று சொல்வதில் பாவமில்லை.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எதையும் குறைத்துவிடக் கூடாது என்ற கருத்துகள் அதில் வருகின்றன. ஒரு கடன் சீட்டுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், அல்லாஹ்வின் சட்டம் இது என்று நாம் எழுதும் காகிதத்துக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

ஆகவே உங்கள் வீட்டில் எந்தக் காகிதம் எழுதப்பட்டாலும், கையெழுத்து வைக்க முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆதாரம் வரும் இடத்தில் நிறுத்தி, யார் சொன்னது, எந்தப் பாடத்தில், எங்கள் மத்ஹபா, இன்றும் செல்லுமா, எங்களுக்கு எதிரானது எதுவும் அதே இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் உங்கள் மகனாக இருந்தாலும், மௌலவியாக இருந்தாலும், பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். ஒரு நாள் பிந்துவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிந்ததை உள்ளபடி எழுதவும், அறியாததை அறியோம் என்று சொல்லவும் வல்ல அல்லாஹ் எம்மனைவருக்கும் தவ்பீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.